‘களுக்’கென்று சிரித்தால் கொச்சைத் தமிழா?



இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் தயங்கினேன். எழுதினால் உடன் பணியாற்றும் ஆசிரியர் சிலர் மனம் வருந்தக்கூடும். வருந்தட்டும். அவர்களுக்கு முன்பாக வருந்த வேண்டியவள் நானே. ஏனெனில், குற்றம் என்னுடைய சிவப்பு மையில்தான் தொடங்கியது.

நான்காம் ஆண்டு மாணவர்களுக்குப் ‘பாட்டி வீட்டில் ஒரு நாள்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். சிலிபினில் வாழும் பிள்ளைகளுக்குப் பாட்டி வீடு என்றால் பெரும்பாலும் பேராக்கின் ஏதோ ஒரு தோட்டம்தான். அல்லது தோட்டம் இருந்த இடம். ஒரு மாணவியின் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம், பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டமொன்றில் இன்னும் லயத்து வீட்டிலேயே இருக்கிறார். அம்மாணவி எழுதியிருந்தது இதுதான். தம்பி ரம்புத்தான் மரத்தில் ஏறினான். எறும்பு கடித்தது. கீழே குதித்தான். மழைநீர் தேங்கிய சேற்றில் ‘சொத்’தென்று விழுந்தான். அவன் எழுந்து நின்றபோது பற்கள் மட்டுமே வெள்ளையாகத் தெரிந்தன. சிரித்தால் தம்பி அழுவானே என்று பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் அடக்க முடியாமல் ‘களுக்’கென்று சிரித்துவிட்டார்.

பத்து வயதுப் பிள்ளை எழுதியது! நான் என்ன செய்தேன்? ‘சொத்தென்று’ என்பதை அடித்தேன். ‘களுக்கென்று சிரித்துவிட்டார்’ என்பதன் கீழே கோடிட்டு, ஓரத்தில் ‘கொச்சை’ என்று எழுதி, மேலே ‘புன்னகைத்தார்’ என்று திருத்தினேன். பல்லாண்டுப் பழக்கம், கை தானாகவே ஓடியது.

மறுநாள் அவள் பயிற்சிப் புத்தகத்தோடு என் மேசையருகே வந்து நின்றாள்.

“டீச்சர், பாட்டி புன்னகைக்கல டீச்சர். சத்தம் வந்துச்சு.”

“புன்னகைத்தார் என்பதுதான் நல்ல தமிழ்மா. போய் உட்கார்” என்றேன். அவளும் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எழுதிய இரண்டு கட்டுரைகளிலும் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான். அனைவரும் மகிழ்ச்சிக் கடலில் மூழ்கினர். பிழை ஒன்றுகூட இல்லை. உயிரும் இல்லை.

ஒரு மாதம் கழித்து அவளுடைய தாயார் இரண்டு புத்தகங்களோடு வந்தார். ஒன்று என் வகுப்புப் புத்தகம். மற்றொன்று ஆங்கில வகுப்புப் புத்தகம். அதிலும் அதே தம்பி, அதே சேறு, அதே பாட்டி. அங்கே பாட்டியின் சிரிப்புக்கு அவள் ‘கிகிள்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதியிருந்தாள். ஆங்கில ஆசிரியர் அந்தச் சொல்லின் கீழேயும் கோடிட்டிருந்தார். ஆனால், பக்கத்தில் ஒரு விண்மீன் வரைந்திருந்தார்.

“டீச்சர், நான் சண்டை போட வரல. இங்கிலீஷ்ல பாட்டி கிகிள் பண்ணலாம், தமிழ்ல பண்ணக்கூடாதா? அதுக்குத் தமிழ்ல சொல்லே இல்லையா? சின்னவன வேற பள்ளியில போடலாம்னு வீட்டுக்காரரு சொல்லிக்கிட்டு இருக்காரு. இதையும் பார்த்தா நான் அவருக்கு என்னான்னு பதில் சொல்றது?”

அந்தத் தாய்க்கு அன்று நான் ஏதோ மழுப்பி விடைகொடுத்தேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

‘கிகிள்’ என்றால் என்ன? சிரிப்பு என்று சொல்லிவிட்டுப் போவது பொருளாகாது. மெல்லிய, சன்னமான, விட்டுவிட்டு வருகின்ற சிரிப்பு அது. அடக்கப் பார்த்தும் அடங்காமல் வெளிப்படுவது அதன் தனித்தன்மை. பெரும்பாலும் சிறு பிள்ளைகளும் பருவப் பெண்களும் சிரிப்பது. கூச்சத்தாலும் படபடப்பாலும்கூட வருவது. அதில் வன்மம் கிடையாது. பிறரை இகழ்ந்து மறைவாகச் சிரிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்னிகர்’ என்று வேறு சொல் உண்டு. வயது வந்தவர் ஒருவர் எதையோ நினைத்துத் தமக்குள்ளே மெல்லச் சிரித்துக்கொள்வது ‘சக்கிள்’. ஆக, சேற்றில் விழுந்த பேரனைப் பார்த்து முந்தானைக்குள் சிரித்த அந்தப் பாட்டிக்கு ‘கிகிள்’ மிகப் பொருத்தமான சொல்தான். மாணவி ஆங்கிலத்தில் தவறு செய்யவில்லை.

தமிழிலும் அவள் தவறு செய்யவில்லை என்பதே என் வாதம். ‘களுக்கென்று சிரித்தல்’ என்பது அதே சிரிப்புக்கு, அதே அளவுக்கு, அதே அடங்காமைக்கு நம்மிடம் உள்ள சொல். அதை நீக்கிவிட்டு நான் போட்ட ‘புன்னகைத்தார்’ என்பதோ பச்சைப் பிழை. புன்மை என்றால் சிறுமை, புன்னகை சிறுநகை. இன்றைய வழக்கில் அது ஒலியில்லாத நகை. உதடு மலரும், ஓசை எழாது. ‘சத்தம் வந்துச்சு’ என்று அந்தப் பிள்ளை சொன்னதில் இருந்த சொல்லாராய்ச்சி, பயிற்சிக் கல்லூரியில் பயின்று பட்டயம் பெற்ற எனக்கு இல்லாமல் போயிற்று!

இங்கே சிலர் குறுக்கிட்டுக் கேட்பார்கள்: “களுக்கென்று என்பது ஒரு சொல்லா? அது வெறும் ஒலிதானே? ஆங்கிலத்தில் இருப்பது போல ஒரே வினைச்சொல்லாகச் சொல்லுங்கள் பார்ப்போம்.”

ஐயா, அம்மா, ஆங்கிலத்தில் இருப்பதும் வெறும் ஒலிதான். ‘கிகிள்’ என்பது சிரிப்பொலியைக் கேட்டு அப்படியே செய்துகொண்ட சொல் என்றே ஆங்கில அகராதிகள் வேர் காட்டுகின்றன. ‘சக்கிள்’ என்பதற்குக் கோழி குஞ்சுகளை அழைக்கும் ஓசை மூலம். இன்னும் ஒன்று கேளுங்கள். லூயிஸ் கரோல் என்ற பெயரில் சிறுவர் கதைகள் எழுதியவர் ஆக்சுபோர்டில் கணிதம் கற்பித்த ஆசிரியர். அவர் 1871இல் வெளிவந்த தம் இரண்டாவது ஆலிசு கதை நூலில், ‘சக்கிள்’ என்பதையும் மூக்கால் சீறுவதற்கான மற்றொரு சொல்லையும் பிசைந்து ‘சோர்ட்டில்’ என்று ஒரு புதுச் சிரிப்பைப் படைத்தார். அதுவரை இல்லாத சொல்! இன்று அது எல்லா ஆங்கில அகராதிகளிலும் இருக்கிறது. ஆசிரியர் ஒருவர் விளையாட்டாகச் செய்த சொல்லை அவர்கள் அகராதியில் ஏற்றினார்கள். பாட்டி தந்த சொல்லை நாம் சிவப்பு மையால் அடிக்கிறோம்.

நம் நாட்டிலேயே பாருங்கள். மலாய்மொழியில் பொதுவாகச் சிரிப்பது ‘கெத்தாவா’. ஆனால், ‘கெக் கெக்’ என்று விடாமல் சிரித்தால் ‘மெஙெகேக்’. முதியவர் போலத் தொண்டைக்குள் சிரித்தால் ‘தெர்கெக்கே-கெக்கே’. பேய்ப்படத்துப் பொந்தியானாக் போல வீரிட்டுச் சிரித்தால் ‘மெஙிலாய்’. இவற்றுள் முதலிரண்டும் ஒலியிலிருந்து பிறந்தவை என்பதைக் காதே சொல்லும். அவற்றை யாரும் கொச்சை என்று தள்ளுவதில்லை. மலாய்மொழிப் பாடத்தில் நம் பிள்ளைகள் அவற்றைக் கதைகளில் எழுதிப் பாராட்டும் பெறுகிறார்கள். சப்பானியரோ இந்த வகைச் சொற்களுக்கே பெயர் பெற்றவர்கள். அவர்கள் மொழியில் அடக்கமாகச் சிரிப்பது ‘குசுகுசு’. நமக்கு அது காதோடு பேசுவது! வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் எப்படிச் சிரித்தார்கள் என்பதற்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை.

ஆனால், அந்த ‘ஒரே சொல்லாகச் சொல்’ என்னும் கேள்வியை அவ்வளவு எளிதில் விட்டுவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால், தமிழ் ஏழைமொழி என்னும் பொய் பிறக்கும் இடமே அது.

ஆங்கிலம் ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு தனி வினையை வைத்துக்கொள்கிறது. தமிழின் போக்கு வேறு. தமிழ் ‘சிரி’ என்னும் வினையை நடுவில் நிறுத்தி, அதன் முன்னால் ஒலியையோ தன்மையையோ வைத்து, ‘என்று’ அல்லது ‘என’ என்னும் சொல்லால் கட்டுகிறது. களுக்கென்று சிரித்தாள். குபீரென்று சிரித்தான். கொல்லென்று சிரித்தார்கள். கலகலவெனச் சிரித்தனர். இவற்றுள் ‘கொல்’ ஒருவர் சிரிப்பதன்று; ஒரு கூட்டமே ஒருசேரச் சிரிப்பது. ‘குபீர்’ எதிர்பாராமல் வெடிப்பது. ‘களுக்’ ஒரே ஒரு முறை, அடக்கியதை மீறித் துளியாகத் தெறிப்பது. எத்தனை நுட்பம்! இந்த ‘என’ என்னும் இடைச்சொல்லுக்கு ஓசையையும் குறிப்பையும் சுட்டும் வேலை உண்டென்று தொல்காப்பியர் இடையியலிலேயே இலக்கணம் வகுத்துவிட்டார். இலக்கணம் இடம் கொடுத்த ஒன்றைக் கொச்சை என்று சொல்ல நாம் யார்?

இது சிரிப்போடு நிற்பதுமன்று. பளிச்சென்று மின்னியது, பொலபொலவெனக் கண்ணீர் உதிர்ந்தது, சோவென மழை கொட்டியது, விருட்டென எழுந்தான். ஆங்கிலம் தனித்தனி வினை கொண்டு சொல்வதையெல்லாம் தமிழ் இந்த ஒரே அச்சில் வார்க்கிறது. ஆகையால், ஒரு பிள்ளையிடம் ‘களுக்கென்று எழுதாதே’ என்று சொல்லும்போது அவளிடமிருந்து ஒரு சொல்லை மட்டும் நாம் பறிக்கவில்லை. ஒலியைக் கேட்டுத் தானே சொல் அமைக்கும் வழியையே அடைக்கிறோம். பிறகு அவள் வேறு எங்கே போவாள்? ‘கிகிள்’ இருக்கும் இடத்துக்குத்தான் போவாள். போகத்தான் செய்கிறார்கள்.

இப்போது ஆசிரியப் பெருமக்களிடம் நேராகவே ஒரு கேள்வி. ‘திடீரென்று மழை பெய்தது.’ இந்த வாக்கியம் வராத மாணவர் கட்டுரையை உங்கள் வாழ்நாளில் பார்த்ததுண்டா? அதை என்றாவது கொச்சை என்று அடித்ததுண்டா? இல்லை. ‘திடீர்’ என்பதும் ‘களுக்’ என்பதும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டும் தனியே நிற்கும் குறிப்புச் சொற்கள். இரண்டும் ‘என்று’ என்பதன் கையைப் பிடித்துக்கொண்டே நடப்பவை. ஒன்று செந்தமிழ், மற்றொன்று கொச்சையா? எந்த நூற்பா அப்படிச் சொல்கிறது? நாளிதழில் ‘எதிர்க்கட்சித் தலைவர் கொக்கரித்தார்’ என்று அச்சிடுகிறார்களே, அது கோழியின் கொக்கரிப்புத்தானே? கோழிக்கு இடம் உண்டு, பாட்டிக்கு இல்லையா?

உண்மைக் காரணம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ‘களுக்’ நம் பட்டியலில் இல்லை. இரட்டைக்கிளவிக்குப் பட்டியல் இருக்கிறது: கலகல, சலசல, தகதக, மளமள. செய்யுளும் மொழியணியும் பகுதியில் அவற்றை ஆண்டு வாரியாகப் பிரித்து, பொருள் எழுதி, வாக்கியம் அமைத்து, மனப்பாடம் செய்ய வைக்கிறோம். தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறோம். இரட்டித்து வராத ‘களுக்’ அந்தக் கூட்டத்தில் சேராது. பட்டியலுக்கு வெளியே இருப்பதால் ஊர்பேர் தெரியாத சொல்லாக அதை நடத்துகிறோம். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று கற்பிக்கிறோம்; பிரிக்கவே தேவையில்லாமல் ஒற்றையாகவே பொருள் தரும் சொல்லைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இதற்கு இன்னொரு துணைக்குற்றவாளி, கடைகளில் விற்கும் மாதிரிக் கட்டுரை நூல். அதில் யாரும் சிரிப்பதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? ‘எல்லையில்லா மகிழ்ச்சி அடைந்தான்’, ‘மகிழ்ச்சிக் கடலில் மூழ்கினர்’, ‘அவள் முகம் அன்றலர்ந்த தாமரை போல மலர்ந்தது’. இவ்வளவுதான். கடலில் மூழ்கியவன் எப்படிச் சிரிப்பான்! யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தவரை, ‘புள்ளி வேண்டுமே, திருத்துபவர் ஏற்றுக்கொள்ள வேண்டுமே’ என்று ஒரு சாக்கு நமக்கு இருந்தது. 1988இல் தொடங்கிய அந்தத் தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. தேர்வு போய்விட்டது, தேர்வுக்காக நாம் வளர்த்துக்கொண்ட அச்சம் மட்டும் வகுப்பறையில் அப்படியே குந்தியிருக்கிறது.

பழந்தமிழ்ப் பற்றின் பெயரால்தான் இந்தச் சொற்களை ஒதுக்குகிறோம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சினம் வருகிறது. பழந்தமிழ் சிரிப்பை ஒதுக்கியதே இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினைச் சொல்லும்போது முதலாவதாக வைத்தது எது? நகை. அழுகைக்கும் பெருமிதத்துக்கும் வெகுளிக்கும் முன்னால் நகை! அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினால் பிறக்கும் என்றார். எள்ளலை மட்டும் சொல்லியிருந்தால் சிரிப்பெல்லாம் இகழ்ச்சி என்றாகியிருக்கும். அடுத்ததாகவே இளமையை வைத்தாரே, அதை நினைத்துப் பாருங்கள். வன்மமில்லாத பிள்ளைச் சிரிப்புக்கு இலக்கண நூலிலேயே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். ‘கிகிள்’ என்பதை நான் அந்த இளமை நகையின் பக்கத்தில்தான் வைப்பேன். தொல்காப்பியத்துக்கு உரை கண்ட பேராசிரியர் இன்னும் ஒரு படி இறங்கி, முறுவலித்தல், அளவாகச் சிரித்தல், பெருகச் சிரித்தல் என நகையை அளவு பார்த்துப் பிரித்தார். பத்து வயதுப் பிள்ளை என்னிடம் ‘சத்தம் வந்துச்சு’ என்று பிரித்ததும் இதே அளவுகோலால்தான்.

வள்ளுவரைப் பாருங்கள். குறிப்பறிதல் என்னும் 110ஆம் அதிகாரத்தில் தலைவி மூன்று இடங்களில் சிரிக்கிறாள்; அவற்றுள் இரண்டை மட்டும் பாருங்கள். 1094ஆம் குறளில் மெல்ல நகுகிறாள். 1098ஆம் குறளில் பைய நகுகிறாள். ‘நகு’ என்னும் வினை ஒன்றே. முன்னால் வரும் சொல்தான் அந்தச் சிரிப்பின் அளவைக் காட்டுகிறது. நான் மேலே சொன்ன தமிழ்ப்போக்கு இதுவே. அந்தப் ‘பைய’ என்பதை எங்கள் தோட்டத்துப் பாட்டிமார் ‘பைய வாடி, வழுக்கும்’ என்று நாள்தோறும் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். வள்ளுவர் சொல் லயத்து வாசலில் உயிரோடிருந்தது. அதையும் நாம் ‘பேச்சுவழக்கு’ என்றே குறித்திருப்போம்!

பல்லுக்கும் சிரிப்புக்கும் ஒரே சொல்லை வைத்த மொழி இது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நகை, முறுவல், மூரல் மூன்றுமே இரண்டையும் குறிக்கும். சேற்றிலிருந்து எழுந்த தம்பியின் வெள்ளைப் பற்களைப் பார்த்ததும் பாட்டிக்குச் சிரிப்பு வந்தது சும்மா இல்லை.

எங்கள் தோட்டத்தைப் பற்றி ஒரு சொல். விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும்போது கிராணியின் முன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பெரட்டுக் கலைந்து, வாளியும் கத்தியுமாக நிரைக்குள் நுழைந்ததும் இருட்டுக்குள்ளிருந்து சிரிப்பொலி கேட்கும் என்று என் தாயார் சொல்லுவார். முகம் தெரியாது, சிரிப்பை வைத்தே இன்னார் என்று அடையாளம் காண்பார்களாம். அந்தப் பெண்களிடம் சிரிப்புக்குச் சொற்கள் ஏராளம். களுக்குன்னு சிரிச்சா, கெக்கேபிக்கேன்னு சிரிச்சா, வாய்க்குள்ளேயே சிரிச்சா, நமட்டுச் சிரிப்பு சிரிச்சா, பல்ல இளிச்சா, விழுந்து விழுந்து சிரிச்சா. ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வராது. நமட்டுச் சிரிப்பில் ஒளிவு உண்டு. ஆங்கிலத்து ‘ஸ்னிகர்’ அதற்கு நெருங்கியது. இளித்தலில் இழிவு உண்டு. ‘கிகிள்’ என்பதற்கு ‘இளித்தல்’ என்று பொருள் சொல்வது பெருந்தவறு, அந்தத் தவற்றையும் மாணவர் ஏடுகளில் பார்த்திருக்கிறேன். தமக்குள் சிரித்துக்கொள்ளும் ‘சக்கிள்’ என்பதற்கு ‘வாய்க்குள் சிரித்தல்’ அப்படியே பொருந்தும். படிக்காத பெண்கள் என்று நாம் சொல்பவர்கள் காத்து வைத்திருந்த சொல்வளம் இது. தோட்டம் துண்டாடப்பட்டு, மக்கள் சிலிபினுக்கும் புந்தோங்குக்கும் வந்து சேர்ந்தபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு சொற்களும் வண்டியேறி வந்தன. பள்ளி வாசலில்தான் அவை நிறுத்தப்பட்டன.

எல்லாச் சொல்லும் எல்லா இடத்துக்கும் ஆகும் என்று நான் சொல்லவில்லை. பள்ளி அறிக்கையில் ‘தலைமையாசிரியர் களுக்கென்று சிரித்தார்’ என்று எழுத முடியாது. எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்! ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லுக்கு அதே கட்டுப்பாடு உண்டு. அமைச்சர் ஒருவர் நாடாளுமன்றத்தில் ‘கிகிள்’ செய்தார் என்று எழுதினால் அது கேலி. சொல்லுக்கு உரிய இடம் எது என்று கற்பிப்பது ஆசிரியர் வேலை. சொல்லையே ஒழிப்பது அன்று. வேறு சில சொற்கள் கெட்டும் போயின. ‘கிளுகிளு’ என்பதைத் திரைப்பட இதழ்கள் எடுத்துக்கொண்டுபோய் வேறு பொருளில் பழக்கிவிட்டன. இப்போது அதை நான்காம் ஆண்டுப் பிள்ளைக்குக் கொடுக்க எனக்கே தயக்கம். பெருஞ்சிரிப்பைக் குறித்து வடமொழியிலிருந்து வந்த ‘அட்டகாசம்’ இன்று சிரிப்பையே விட்டுவிட்டு ஆர்ப்பாட்டமாகவும் பாராட்டாகவும் மாறிவிட்டது. இருப்பதைப் பேணாவிட்டால் இப்படித்தான் கைநழுவும்.

புதுச்சொல் புனைவோருக்கும் ஒரு விண்ணப்பம். ‘கிகிள்’ என்பதற்கு ஈடாக ஏதேனும் ஓர் இருசொல் கூட்டை உருவாக்கித் தருகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். கணினிக்கும் கைப்பேசிக்கும் சொல் புனைந்தது தேவையால், வணங்குகிறேன். சிரிப்பு நேற்று வந்த கருவியன்று. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கியபோது, ‘அறிவியலுக்குத் தமிழில் சொல் ஏது?’ என்று கேட்டவர்களுக்குக் கலைச்சொற்களைக் காட்டி மறுமொழி சொன்னோம். இன்று ஒரு தாய் சிரிப்புக்கே தமிழில் சொல் உண்டா என்று கேட்கிறார். இதற்குக் கலைச்சொற் குழு தேவையில்லை. பிள்ளை கொண்டுவந்த சொல்லை அடிக்காமல் இருந்தால் போதும்.

பெற்றோருக்கும் பங்குண்டு, அவர்களை விட்டுவிட மாட்டேன். வீட்டில் பிள்ளை சிரித்தால் ‘என்ன சிரிப்பு? பொம்பளப் பிள்ள அடக்கமா இரு’ என்று அதட்டுகிறீர்கள். பெண் சிரித்தால் போயிற்று, புகையிலை விரித்தால் போயிற்று என்ற பழமொழியை இன்றும் சொல்பவர் இருக்கிறார்கள். வகுப்பில் நாங்களோ ‘பல்லைக் காட்டாதே’ என்கிறோம். பிள்ளையின் சிரிப்பு இரண்டு இடத்திலும் குற்றம். குற்றமாகிப் போன ஒன்றுக்கு அழகான சொல் எப்படித் தங்கும்? பிறகு கைப்பேசியில், கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகத்தை அனுப்பிச் சிரிப்பைத் தீர்த்துக்கொள்கிறார்கள். 2015இல் ஆக்சுபோர்டு அகராதியினர் அந்த மஞ்சள் முகத்தைத்தான் அவ்வாண்டின் ‘சொல்’லாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு எத்தனையோ சிரிப்புச் சொல் மிச்சமிருக்கிறது, விளையாடலாம். நமக்கு?

சென்ற வாரம் அந்தக் கட்டுரையை மறுபடியும் வாங்கிவரச் சொன்னேன். வகுப்பின் முன்னால் நின்று, ‘இந்தத் திருத்தம் டீச்சர் செய்த பிழை’ என்று சொன்னேன். ‘கொச்சை’ என்பதையும் ‘புன்னகைத்தார்’ என்பதையும் அடித்துவிட்டு, அவளுடைய சொல்லின் பக்கத்தில் சரி போட்டேன். ‘சொத்தென்று’ என்பதற்கும் சேர்த்து இரண்டு சரி. பிறகு, ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய்ப் பாட்டியோ தாத்தாவோ எப்படிச் சிரிக்கிறார் என்று காதால் கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். மறுநாள் இருபத்திரண்டு புத்தகங்கள் வந்தன. ‘தாத்தா க்ஹூ க்ஹூ என்று இருமலோடு சிரித்தார்’ என்று ஒருவன். ‘அம்மாச்சி சிரிக்கும்போது சத்தம் வராது, வயிறு மட்டும் குலுங்கும்’ என்று ஒருத்தி. ‘எங்கள் தாத்தா சிரித்து நான் பார்த்ததில்லை’ என்று ஒருவன் எழுதியிருந்தான். அவன் புத்தகத்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தேன்.

அவள் தன் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, நான் அடித்த இடத்தை உற்றுப் பார்த்தாள். பக்கத்துப் பிள்ளையின் காதில் ஏதோ சொன்னாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சத்தம் வந்துவிட்டது.

தாயார் இன்னும் வரவில்லை. தம்பியை எந்தப் பள்ளியில் பதிவது என்று அவர்கள் வீட்டில் முடிவு செய்துவிட்டார்களா என்பதும் எனக்குத் தெரியாது.